சாய்ந்தாங்குளத்துப் பங்கு வேன்

சாய்ந்தாங்குளம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "இங்கதான்" என்று காலுக்குக் கீழே காட்டுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. பக்கத்து ஊர்களில் கேளுங்கள். வாயைப் பொத்திக்கொண்டு வழி சொல்வார்கள்.

அந்த ஊரில் பொதுவாக எதை வாங்கினாலும் பாகம் பிரித்துக்கொள்வது வழக்கம். ஆளுக்கு ஒரு நாள், வீட்டுக்கு ஒரு வாரம் என்று மற்ற ஊர்களில் முறை வைப்பதெல்லாம் அவர்கள் மண்டையில் ஏறவில்லை. டி.வி. வாங்கியபோது படத்தை மேலத்தெரு எடுத்துக்கொண்டது, சத்தத்தைக் கீழத்தெரு எடுத்துக்கொண்டது. மேலத்தெருக்காரர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். கீழத்தெருக்காரர்கள் பெட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டார்கள். ரெண்டு தெருவும் நேர்மையான தெரு. ஒருத்தர் பங்கை ஒருத்தர் திருடியதில்லை.

வேன் வாங்கியபோதும் அப்படித்தான். அது எந்தக் காலத்து வேனோ, என்ன நிறமாக இருந்ததோ, விற்றவனுக்கே நினைவில்லை. எஞ்சின் வீரபாகுவுக்கு. நாலு சக்கரமும் மாசானத்துக்கும் அவன் தம்பிமார் மூன்று பேருக்கும். ஸ்டியரிங் கொண்டல்சாமிக்கு. ஸ்டியரிங் அவனுடையது என்பதால் டிரைவரும் அவனே. ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பக்கக் கதவு துரைக்கண்ணுவுக்கு. சீட்டு, கண்ணாடி, பிரேக், நம்பர் பிளேட் என்று மற்றவர்களுக்கு ஆளுக்கொன்று.

பொற்கொடி புருஷனை இழந்தவள், ஒற்றை மகனோடு இருப்பவள். அவள் கைக்கு எட்டியது ஹாரன் மட்டும்தான். ரப்பர் உருண்டையை அமுக்கினால் 'பாம் பாம்' என்று கத்துமே, அந்தப் பழங்காலத்து ஹாரன். வண்டி எங்கே போய்விட்டு வந்தாலும் உடனே அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், முந்தானையால் துடைத்து, சாமி மாடத்தில் வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி.

நிம்மதி என்றா சொன்னேன்? அது அவளுக்கு எங்கே இருந்தது? மகன் அருமைராசுவுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, பெண் கிடைக்கவில்லை. "எந்த ஊரு?" "சாய்ந்தாங்குளம்." அவ்வளவுதான், தரகர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். கடைசியில் வடக்கேந்தலில் ஒரு மனிதர் இரக்கப்பட்டார். குலசேகரம் என்று பெயர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வைரமணியைத் தருகிறேன் என்றார். ஆனால் ஒரு கண்டிப்போடு.

"இந்தா பாருங்கம்மா, நிச்சயத்துக்கு நடந்தே வாறோம்னு சொல்லிட்டு மறுநாள் வந்து நின்னீங்க. கேட்டா, முன்னால போறவரு பின்னால வாறவர்கிட்ட வழி கேட்டாருங்கீங்க. கல்யாணத்துக்கு அந்தக் கதையே ஆகாது. உங்க ஊர் வேன்ல மாப்பிள்ளையை உக்கார வச்சு, முகூர்த்தத்துக்குள்ள மண்டபத்துக்கு வந்து சேரணும். வரலைன்னா என் தங்கச்சி மகன் கதிரேசன் பட்டு வேட்டியோட அங்கேயேதான் நிப்பான். தாலியை அவன் கையில கொடுத்திருவேன்."

பொற்கொடிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கதிரேசனின் பட்டு வேட்டி கனவில் வந்து கொடியில் ஆடியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கொண்டல்சாமி வேனைக் குளத்தங்கரை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வண்டி வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது.

"கடக்... ஙீ... கடக்."

பொற்கொடி வாசலுக்கு ஓடிவந்தாள். "என்னப்பா கொண்டலு, வண்டி இப்படிக் கத்துது?"

"எனக்கும் கேட்டுது மதினி. நான் கத்தலை."

ஊரே கூடிவிட்டது. ஊர்த்தலைவர் ஆவுடைநாயகம் வைத்தியர் மாதிரி நெஞ்சில் கை வைத்து எஞ்சினைப் பார்த்தார். நெஞ்சு அவருடையது. ஆனாலும் ஊருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"வயசான வண்டி, முனகத்தான் செய்யும்" என்றான் மாசானம். "எங்க அப்பா முனகலையா? சுக்குக் கஷாயம் கொடுத்தோம், நின்னுபோச்சு."

"உங்க அப்பா செத்துல்லா போனாரு?"

"முனகல் நின்னுதா, இல்லையா?"

ஒரு சட்டி கஷாயம் ரேடியேட்டரில் ஊற்றப்பட்டது. வண்டி 'கடக்... ஙீ... கடக்' என்றது. மிளகு போதவில்லை என்று ஒரு கட்சி, தேன் விடவில்லை என்று ஒரு கட்சி.

அப்போது கொண்டல்சாமி ஒன்று கண்டுபிடித்தான். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லோரும் தள்ளினால் சத்தமே வரவில்லை.

"அப்படின்னா குத்தவாளி எஞ்சின்" என்றார் தலைவர்.

எஞ்சின்காரன் வீரபாகு துண்டை உதறினான். "அண்ணாச்சி, வார்த்தையை அளந்து பேசுங்க. பத்துப் பேர் இருக்கிற வீட்டுல ஒருத்தன் குசு விட்டா, வீட்டுக்காரனையா பிடிப்பீங்க? என் எஞ்சின் ஓடும்போது இவன் சக்கரமும் கூடவே சுத்துது. அதைக் கேட்டீங்களா?"

"என் சக்கரத்தை இழுக்காதலே!" என்று மாசானம் பாய, அவன் தம்பிமார் மூன்று பேரும் பின்னாலேயே பாய்ந்தார்கள். அவர்கள் எப்போதும் நாலு பேரும் ஒரே வேகத்தில்தான் எதையும் செய்வார்கள்.

பொற்கொடி நடுவில் புகுந்து கும்பிட்டாள். "ஐயா, அடிச்சுக்கிறதை நாளன்னைக்கு வச்சுக்கோங்க. நாளைக்கு என் பிள்ளைக்குக் கல்யாணம். டவுன்ல அந்த மெக்கானிக்குக்கு ஒரு போனைப் போடுங்க."

ஊரில் போன் தலைவரிடம்தான் இருந்தது. மெக்கானிக் இஸ்மாயில் எடுத்தார். "வண்டியை ஓட விட்டு, போனை எஞ்சின் பக்கத்துல காட்டுங்க அண்ணாச்சி. சத்தத்தைக் கேட்டாச் சொல்லிருவேன்" என்றார்.

எஞ்சினை ஓடவிட்டார்கள். தலைவர் போனை நீட்டினார். மெக்கானிக்குக் கேட்க வேண்டுமே என்று மாசானம், "எல்லாரும் சும்மா இருங்கலே!" என்று கத்தினான். "நீ முதல்ல சும்மா இரு!" என்று வீரபாகு கத்தினான். "ரெண்டு பேரும் சும்மா இருங்க!" என்று கீழத்தெரு முழுவதும் கத்தியது. மேலத்தெருவும் சும்மா இருக்கச் சொல்லிக் கத்தியது.

போனைக் காதில் வைத்த தலைவர் முகம் இறுகியது.

"என்ன சொல்றாரு அண்ணாச்சி?" என்றாள் பொற்கொடி.

"அவருக்கு 'சும்மா இரு, சும்மா இரு'ன்னு கேக்குதாம்."

ஊரே வேனைத் திரும்பிப் பார்த்தது. வேன் இவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததா? யாரைச் சொல்கிறது? கொண்டல்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் ஓட்டும்போது பாடுவதை வண்டி விரும்பவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

போனில் மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார். "உள்ள ஏதோ சிக்கிக்கிடக்கும், இல்லைன்னா தளர்ந்திருக்கும். ஒவ்வொண்ணாக் கழட்டித் தனியா வச்சுப் பாத்தாத்தான் எதுல சத்தம்னு தெரியும். இன்னைக்கு எனக்கு வேலை இருக்கு. நாளன்னைக்கு வாறேன்."

"ஒவ்வொண்ணாக் கழட்டித் தனியா வச்சுப் பாக்கணுமாம்" என்று தலைவர் ஊருக்கு அறிவித்தார். ஸ்பானர் வந்தது, கடப்பாரை வந்தது, தேங்காய் உரிக்கும் கம்பியும் வந்தது.

எஞ்சின் மூடியைத் தூக்கினார்கள். ஃபேனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் 'கடக்' என்று கீழே விழுந்து, 'ஙீ' என்று உருண்டுபோய், 'கடக்' என்று கல்லில் முட்டி நின்றது. ஒரு பக்கம் முழுக்கக் கீறலும் நெளிசலுமாக இருந்தது.

"அடடே, என் டம்ளரு!" கொண்டல்சாமி ஓடிப்போய் எடுத்தான். "டீ ஆறக் கூடாதுன்னு எஞ்சின் மேல வச்சேன். எத்தனை நாளாத் தேடுதேன் தெரியுமா? என் பொண்டாட்டி, எவளுக்கோ கொடுத்துட்டேன்னு என்னை அடிக்காத குறை."

எல்லோருக்கும் சந்தோஷமாகிவிட்டது. தொலைந்த பொருள் கிடைப்பது நல்ல சகுனம் என்றார் தலைவர். பொற்கொடியும் சந்தோஷப்பட்டாள். சம்பந்தி வீட்டார் வந்தால் ஒரு டம்ளர் குறைகிறதே என்று அவளுக்குக் கவலை இருந்தது, இரவல் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, சரி, சத்தத்தைத் தேடுங்க" என்று தலைவர் அதட்டினார். எல்லோரும் குனிந்து வேனைக் கழற்றத் தொடங்கினார்கள்.

மத்தியானத்துக்குள் வேன் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் ஒரு தகரக் கூடும்தான் மிச்சம். கழற்றிய பாகத்தை யார் வைத்துப் பார்ப்பது? இதிலென்ன கேள்வி, அவரவர் பாகத்தை அவரவர் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எந்த வீட்டில் 'கடக்... ஙீ... கடக்' என்று கேட்கிறதோ, அந்தப் பாகத்தில்தான் கோளாறு.

வீரபாகு எஞ்சினைக் கட்டிலில் கிடத்திவிட்டு, பொண்டாட்டி பிள்ளைகளை வெளியே அனுப்பி, பக்கத்தில் உட்கார்ந்தான். மாசானம் சகோதரர்கள் நாலு சக்கரத்தையும் சுவரில் சாய்த்து ஆளுக்கொன்றில் காதை வைத்துக்கொண்டார்கள். சீட்டுக்காரன் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டான், அவன் குறட்டையை வைத்து அரை மணி நேரம் சீட்டின் மேல் சந்தேகம் இருந்தது. தகரக் கூடு யாருக்கும் பங்கு இல்லாத பொதுச் சொத்து என்பதால் அதை அம்மன் கோயில் மதிலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அம்மனையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பொற்கொடி ஹாரனை மடியில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தாள். "ஏ ராசாத்தி, என் மானத்தை வாங்கிராத. நீ கத்திட்டா, உன்னாலதான் கல்யாணம் நின்னுதும்பாங்க" என்று அதனிடம் கெஞ்சினாள். ஹாரன் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பெருமையில் கண்ணீர் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர்க்கூட்டம் கூடியது.

"எஞ்சின்?" என்றார் தலைவர்.

"மூச்சு விடலை" என்றான் வீரபாகு. "பிள்ளை மாதிரிப் படுத்துக்கிடக்கு."

"சக்கரம்?"

"சத்தம் இல்லை" என்றார்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில்.

"ஹாரன்?"

"சாமி சத்தியமாச் சொல்றேன், ஒரு சத்தம் இல்லை" என்றாள் பொற்கொடி.

கதவு, கண்ணாடி, பிரேக், நம்பர் பிளேட் என்று அத்தனையும் உத்தமமாக நடந்துகொண்டிருந்தன. தலைவர் குழம்பிப்போனார். ஒன்றிலும் சத்தமில்லை, ஆனால் வேனில் சத்தம் இருந்தது. வீரபாகுதான் எழுந்து அந்த முடிச்சை அவிழ்த்தான்.

"அண்ணாச்சி, தனியா இருந்தா எல்லாம் நல்லதுங்க. ஒண்ணாச் சேர்ந்தா முனகுதுங்க. அப்படின்னா என்ன? சகவாச தோஷம்! எங்க வீட்டுல அமைதியா இருந்த எஞ்சினை இனிமே இவங்க சக்கரத்தோட சேர விடமாட்டேன்."

"எங்க சக்கரம் மட்டும் உன் எஞ்சினோட சேர்ந்திருமோ?" என்றான் மாசானம். "அதுக்கும் மானம் இருக்குலே."

பொற்கொடிக்குத் தலை சுற்றியது. கதிரேசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டுவது கண் முன்னால் தெரிந்தது. "ஐயையோ, வேன்ல போகலைன்னா பொண்ணு இல்லைன்னு சொல்லியிருக்காருய்யா. என் பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போடாதீங்க. சேர மாட்டோம்னா எப்படிய்யா போறது?"

ஆவுடைநாயகம் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கும்போதெல்லாம் ஊருக்கு ஏதாவது கெடுதல் வரும். அன்றும் வந்தது.

"சேர்ந்து போவோம்" என்றார். "ஆனா சேராமப் போவோம்."

ஆகா என்றது ஊர்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது சாய்ந்தாங்குளத்து வேன் புறப்பட்டது. எதிரில் பார்த்தவர்கள் சொன்னது இது. முன்னால் வீரபாகுவும் அவன் மச்சினன்மாரும் எஞ்சினைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். பின்னால் கொண்டல்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நாலு மூலையிலும் மாசானமும் தம்பிமாரும் ஆளுக்கொரு சக்கரத்தை உருட்டினார்கள். பக்கவாட்டில் துரைக்கண்ணு கதவைத் தலையில் சுமந்து வந்தான். எல்லாவற்றுக்கும் நடுவில், சீட்டுக்காரன் முதுகில் கட்டிய சீட்டில், மாலையும் கழுத்துமாக அருமைராசு உட்கார்ந்திருந்தான். ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. பொற்கொடி ஓரமாக ஓட்டமும் நடையுமாக 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டே வந்தாள்.

"அம்மா, காத்து ரொம்ப அடிக்குது" என்றான் அருமைராசு.

"கண்ணாடியை ஏத்திவிடுங்கப்பா!" என்று பொற்கொடி கத்த, கண்ணாடிக்காரன் ஓடிவந்து மாப்பிள்ளை முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

சத்தமே இல்லை. அதில் எல்லோருக்கும் பரம திருப்தி. ஒருதரம் இடப்பக்கத்துத் தம்பிமார் வேகமாக உருட்டிவிட, வேன் வலப்பக்கம் திரும்பி ஒருவர் வாழைத்தோட்டத்துக்குள் போய்விட்டது. எல்லோரும் பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு ஏறினார்கள். பிரேக்குக்காரன் மட்டும், தன்னை யாரும் அமுக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டு கடைசியில் வந்தான்.

ரோட்டில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "நம்பர் பிளேட் எங்கய்யா?" என்றார்.

"பின்னால வருது ஐயா. பிளேட்டுக்காரர் புதர்ப் பக்கம் ஒதுங்கியிருக்காரு" என்றார் தலைவர்.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போகச் சொன்னார்.

ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. பொற்கொடி மண்டபத்து வாசலில் நின்று ஹாரனை அமுக்கிய அமுக்கில் நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார்.

குலசேகரம் வெளியே வந்தார். "வேன் எங்கம்மா?"

"கண்ணு முன்னாலதானே சம்பந்தி நிக்குது! நேரத்தைப் பாத்துக்கோங்க" என்றாள் பொற்கொடி, மூச்சு வாங்க.

குலசேகரம் எஞ்சினைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், நடுவில் சீட்டில் இருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். எத்தனையோ விதமான பயணிகளைப் பார்த்த மனிதர். இப்படி ஒன்றை அவரும் பார்த்ததில்லை. பக்கத்தில் தங்கச்சி மகன் கதிரேசன் பட்டு வேட்டியில், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, கையில் சீட்டுக்கட்டோடு நின்றான்.

"சரி, மாப்பிள்ளையை இறங்கி வரச் சொல்லுங்க" என்றார் ஒருவழியாக.

அருமைராசு இறங்கவில்லை. "அம்மா, கதவைத் திறக்கச் சொல்லு."

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். கதவும் இல்லை, துரைக்கண்ணுவும் இல்லை. அவன் பசி தாங்காமல் நேராகப் பந்திக்குப் போய்விட்டான். கதவை ரெண்டு நாற்காலி மேல் போட்டு, அதன் மேல் இலையை விரித்து, இட்லிக்குச் சாம்பார் விட்டுக்கொண்டிருந்தான்.

"துரைக்கண்ணு, எந்திரிய்யா! மாப்பிள்ளை உள்ள மாட்டிக்கிட்டான்!"

"மதினி, இலையில உக்காந்தவன் பாதியில எந்திரிக்கக் கூடாது. பாயசம் வந்திரட்டும்."

பொற்கொடி வாசலுக்கு ஓடினாள். ஐயர் உள்ளே இருந்து நாழியாகிறது என்று கத்தினார். வீரபாகு மாப்பிள்ளையைக் குதிக்கச் சொன்னான். "ஓடுற வண்டியில இருந்து குதிச்சாத்தான் அடிபடும், இது நிக்குதுலே!" என்றான். "குதிக்க வழி வேணுமே மாமா, சுத்தித் தகரம்லா இருக்கு" என்றான் அருமைராசு. அதுவும் நியாயம்தான் என்றார் தலைவர். ஜன்னல் வழியாக இழுக்கலாம் என்று மாசானம் சொன்னான். கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிப் பிடித்தான். அருமைராசு தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, தோள் நுழையாது என்று உள்ளே இழுத்துக்கொண்டான். ஊரே 'ச்சு ச்சு' என்றது.

பொற்கொடி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு தூரம் வந்து, ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம் என் குடி கெடுதே!"

கதிரேசன் சீட்டுக்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மாமா, நான் உக்காரட்டுமா?" என்றான்.

அப்போது மணப்பெண் வைரமணி வாசலுக்கு வந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருந்தாள். கதிரேசனை ஒரு பார்வை பார்த்தாள். நடுவில் கண்ணாடிக்குப் பின்னால் வியர்த்து வடிந்துகொண்டிருந்த அருமைராசுவை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்பா, அந்தச் சீட்டாட்டக்காரனுக்கு இந்தக் கிறுக்கனே மேல்" என்றாள். ஐயர் கையிலிருந்த தாலியை வாங்கினாள். விறுவிறுவென்று நடந்துவந்து, கண்ணாடிக்காரனுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் புகுந்து, மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்று, தாலியை நீட்டி, "கட்டுங்க" என்றாள்.

சாய்ந்தாங்குளம் மொத்தமும் வாயைப் பிளந்தது. வீரபாகு தோளிலிருந்து எஞ்சின் நழுவியது. மாசானமும் தம்பிமாரும் நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் கைவிட்டார்கள்.

"தகரத்துக்குள்ள புகுந்து போயிட்டாலே!" என்று தலைவர் நடுங்கினார். "கதவைத் திறக்கலை, தகரத்தை உடைக்கலை... அப்படியே உள்ள போயிட்டா!"

"தாயே!" என்று கொண்டல்சாமி ஸ்டியரிங்கோடு தரையில் விழுந்தான். அவனைப் பார்த்து ஊரே விழுந்தது. அருமைராசு கண்ணை இறுக மூடிக்கொண்டு, எப்படியோ மூன்று முடிச்சும் போட்டு முடித்தான். நாதஸ்வரக்காரர் அரைமனதாக வாசித்தார்.

பொற்கொடியும் விழுந்து கும்பிட்டாள். கல்யாணம் நடந்துவிட்டது, மகன் தலை தப்பியது, சந்தோஷம்தான். ஆனாலும் அவளுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. நெற்றி மண்ணில் ஒட்டியபடியே பக்கத்தில் கிடந்த தலைவரிடம் கிசுகிசுத்தாள்:

"அண்ணாச்சி, சாமியை மருமகளாக் கொண்டுபோறோமே, இனி எங்க வீட்டுல பாத்திரத்தை யாரு தேய்க்கிறது?"